ஆள் குறைந்த கவுண்டி அலுவலகமும் உங்கள் கட்டட அனுமதியும்

வாசகர் கேள்வி:

வடக்குக் கலிஃபோர்னியாவில், எந்த நகராட்சியின் எல்லைக்குள்ளும் வராத ஒரு பகுதியில் குடியிருக்கிறோம். தஞ்சாவூரிலிருந்து என் பெற்றோர் நிரந்தரமாக இங்கே வர இருப்பதால், வீட்டின் பின்புறம் 740 சதுர அடியில் ஒரு துணைவீடு கட்டுவதற்குக் கவுண்டியின் (மாவட்டம் போன்ற உள்ளூர் அரசின்) திட்டமிடல், அனுமதித் துறையில் விண்ணப்பித்தேன். ஏழு வாரம் ஆகிறது. இணையதளத்தில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரியைத் தவிர வேறு தகவல் இல்லை. கவுன்ட்டர் வாரத்தில் மூன்று நாள், அதுவும் காலையில் மட்டும் திறக்கிறது. தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. நிதி வெட்டினால் ஆட்கள் குறைக்கப்பட்டுள்ளதாக வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் கட்டணத்தை மட்டும் உயர்த்திவிட்டார்கள். நான் கட்டிய பணம் எங்கே போகிறது? ஏஜென்ட் வைத்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்கிறார்கள் நண்பர்கள். எங்கள் பகுதிச் சூப்பர்வைசரிடம் (கவுண்டியை நடத்தும் குழுவுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்) புகார் கொடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஜூன் மாதம் நடக்கும் பட்ஜெட் கூட்டத்துக்குப் போய்ப் பேசுவதில் ஏதேனும் பயன் உண்டா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் வருத்தம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கலிஃபோர்னியக் கவுண்டி ஒன்றில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் பொறியாளராகவும், பிற்பாடு அந்தப் பிரிவின் பொறுப்பாளராகவும் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், இத்தகைய நிதி வெட்டுகளை அலுவலகத்துக்கு உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் கட்டிய கட்டணம் கவுண்டிக் காவலான ஷெரிஃப் துறைக்கோ சாலைப் பராமரிப்புக்கோ போய்விடவில்லை; சட்டப்படி போகவும் கூடாது. அனுமதிக்கும் சரிபார்ப்புக்கும் வாங்கும் கட்டணம், அந்தச் சேவையைத் தருவதற்கு ஆகும் நியாயமான செலவைத் தாண்டக் கூடாது என்பது மாநிலச் சட்டம். 2010-இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட 26-ஆம் முன்மொழிவு, செலவுக்கு மிஞ்சி வாங்கப்படும் கட்டணத்தை வரியாகவே கொள்ள வேண்டும் என்று மாநில அரசமைப்பிலேயே எழுதிவிட்டது. ஆகவே கட்டணம் உயர்ந்திருப்பதும் ஆட்கள் குறைந்திருப்பதும் ஒரே பணத்தை ஒரு கையால் வாங்கி மறு கையால் மறைக்கும் செயல் அல்ல. அந்தத் துறை ஒரே பணப்பையை வைத்துக்கொண்டு நடப்பதில்லை என்பதே விளக்கம்.

கட்டணம் ஒரு வழி. அதிலிருந்து வரைபடச் சரிபார்ப்பும் கட்டுமான ஆய்வும் நடக்கின்றன. கவுண்டியின் பொது நிதி இன்னொரு வழி. நிலப் பயன்பாட்டுக்கான பொதுத் திட்டத்தைப் புதுப்பிப்பது, சட்டமீறல் புகார்களை விசாரிப்பது, இன்னும் விண்ணப்பம் போடாதவர்கள் கவுன்ட்டரில் வந்து கேட்கும் இலவசக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது முதலியன பெரும்பாலும் அதை நம்பியிருக்கின்றன. மூன்றாவது, மாநிலமும் கூட்டரசும் குறித்த பணிக்கென்று தரும் மானியங்கள்; அவை வரும், முடியும், அவற்றை நம்பி எடுத்த ஆட்களும் அவற்றோடு போய்விடுவார்கள். வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு அனேகமாக இரண்டாவது வழியில் விழுந்த வெட்டைப் பற்றியதாக இருக்கும். ஆனால் நீங்கள் நிற்கும் கவுன்ட்டர் இரண்டு வழிகளும் சந்திக்கும் இடமாக இருப்பதால், கட்டணம் கட்டியவரும் சேர்ந்தே காத்திருக்க நேர்கிறது.

பொது நிதி ஏன் இப்படி இறுகிக் கிடக்கிறது என்பதற்கு 1978 வரை பின்னே போக வேண்டும். அந்த ஆண்டு நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பீட்டில் 1 விழுக்காட்டோடு நிறுத்தியது. சொத்து கைமாறாத வரை மதிப்பீடு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்றும் வைத்தது. அந்த 1 விழுக்காட்டையும் பள்ளிகள், நகரங்கள், தீயணைப்பு போன்ற ஒரே சேவைக்கென்று இயங்கும் தனி மாவட்டங்கள் எல்லாம் பங்கிட்டுக்கொண்ட பிறகுதான் கவுண்டிக்கு மிச்சம். அந்த மிச்சத்திலிருந்தும் சிறை, வழக்குத் தொடுப்பு, பொதுச் சுகாதாரம், சமூக நலம் என்று மாநிலம் கட்டாயமாக்கிய பணிகளை நடத்த வேண்டும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான கூட்டரசுச் சட்டம் உணவு உதவித் திட்டத்தின் நிர்வாகச் செலவில் கூட்டரசின் பங்கை 50 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாகக் குறைத்தது. கலிஃபோர்னியாவில் அந்தத் திட்டத்தை மக்களிடம் கொண்டுசேர்ப்பவை கவுண்டிகளே என்பதால், இந்தச் சுமையின் ஒரு பகுதி அவற்றின் மேல்தான் விழும். இத்தனை பேர் கை நீட்டும் பந்தியில் திட்டமிடல் துறை கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் துறை முழுவதையும் கட்டணத்தைக் கொண்டே நடத்திவிடலாமே என்று தோன்றும். பல கவுண்டிகள் அந்த வழியில்தான் போயின. அதிலுள்ள ஆபத்தை, வீட்டுச் சந்தை சரிந்த 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாங்கள் கண்ணெதிரே கண்டோம். கலிஃபோர்னியாவில் 2005-இல் 2 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. 2009-இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 36,000-ஆக வீழ்ந்தது. கட்டணத்தை மட்டும் நம்பிய பிரிவு அந்த வீழ்ச்சியை எப்படித் தாங்கும்? ஆட்களை அனுப்பினார்கள். பின்னர் கட்டுமானம் திரும்பியபோது, மண் சரிவையும் நிலநடுக்கச் சுமையையும் வரைபடத்தைப் பார்த்தவுடனே கணித்துச் சொல்லக்கூடிய அனுபவசாலிகள் ஓய்வுபெற்றிருந்தார்கள், அல்லது தனியார் நிறுவனங்களுக்குப் போயிருந்தார்கள். ஒரு சரிபார்ப்புப் பொறியாளரை வேலைக்கு எடுத்துப் பழக்கி, தனியே கையெழுத்திட விடுவதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். அனுப்புவதற்கு ஒரு கடிதம் போதும். கூட்டரசு மத்திய வங்கி 2022 மார்ச்சுக்கும் 2023 ஜூலைக்கும் இடையே வட்டி விகிதத்தைப் பூஜ்யத்துக்கு அருகிலிருந்து 5.25–5.5 விழுக்காட்டுக்கு உயர்த்தியபோது பெரிய கட்டுமானத் திட்டங்கள் பல தள்ளிப்போடப்பட்டன. கட்டண வரவு சுருங்கிய துறைகளுக்குப் பழைய கதை மறுபடி தொடங்கியது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டணத்தின் பெரும்பகுதி முன்கூட்டியே வந்துவிடுகிறது, வேலையோ அதற்குப் பிறகு மாதக் கணக்கில் நீள்கிறது. வரவு நின்ற பிறகும் பழைய அனுமதிகளுக்கான ஆய்வுகள் வரிசையில் காத்திருக்கின்றன.

வெட்டு எப்படி இறங்குகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால், எங்கே தட்டினால் கதவு திறக்கும் என்பதும் தெரியும். கோடையில் தொடங்கும் நிதியாண்டுக்காகக் கவுண்டி நிர்வாக அதிகாரி குளிர்காலத்திலேயே ஒவ்வொரு துறைத் தலைவரையும் அழைத்து, இத்தனை விழுக்காடு குறைத்தால் எந்தச் சேவை போகும், அதைப்போல் இரண்டு மடங்கு குறைத்தால் எது போகும் என்று எழுதித் தரச் சொல்வார். துறைத் தலைவர் தன் பணிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சட்டம் கட்டாயப்படுத்துகிறதா, இல்லையா என்று குறிப்பார். கட்டாயமான பணிக்குச் சட்டம் கெடு வைத்திருக்கும். கெடு தவறினால் வழக்கு வரும், மாநிலம் கண்டிக்கும். அதனால் அதில் கை வைக்க யாரும் துணிய மாட்டார்கள். வெட்டுக் கத்தி இறங்குவதெல்லாம் கெடு இல்லாத பணிகளின் மேல்தான். தொலைபேசியை எடுக்க வேண்டும் என்றோ, கவுன்ட்டர் இத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்றோ, விண்ணப்பத்துக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டம் கண்டிப்பாக நடக்க வேண்டும் என்றோ சொல்லும் கெடு எங்கும் கிடையாது. ஆகையால் அவைதான் முதலில் போகின்றன. நீங்கள் கண்ட மூடிய கவுன்ட்டரும் எடுக்கப்படாத தொலைபேசியும் ஊழியர்களின் அலட்சியத்தால் வந்தவை அல்ல. பட்ஜெட் தாளின் அந்த வரிசை அப்படித்தான் முடியும்.

அந்த வரிசையை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. வேலையில் இருந்த காலத்திலும் ஏற்றதில்லை. கவுன்ட்டரைக் குறைப்பது சிக்கனமாகத் தோன்றுகிறதே தவிர, உண்மையில் துறைக்கே செலவைக் கூட்டும் வெட்டு அது. நகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கும் மனைகளில் பெரும்பாலும் பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்காது. செப்டிக் தொட்டியும், அதிலிருந்து கழிவுநீர் மண்ணில் இறங்குவதற்கான கசிவுப் பரப்பும் இருக்கும். அந்தப் பரப்பு பழுதானால் மாற்றுவதற்கென்று அதே அளவு இடத்தைச் சும்மா விட்டுவைக்கவும் வேண்டும். வீட்டுக்காரர் மனை வரைபடத்தைக் கவுன்ட்டரில் விரிக்கிறார். அனுமதித் தொழில்நுட்பராக இருக்கும் அம்மையார் கோப்பிலிருந்து பழைய செப்டிக் வரைபடத்தை எடுத்து, அளவுகோலால் அளந்து, பென்சிலால் ஒரு செவ்வகத்தை இழுக்கிறார். கட்ட நினைத்த துணைவீட்டின் ஒரு மூலை, மாற்றுப் பரப்புக்காக ஒதுக்கிய இடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ‘பன்னிரண்டு அடி கிழக்கே நகர்த்திவிடுங்கள்’ என்கிறார். பேச்சு ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கவுன்ட்டர் மூடியிருந்தால் அதே வரைபடம் இணையம் வழியே உள்ளே போகும், கட்டணம் கட்டப்படும், சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவின் வரிசையில் வாரக் கணக்கில் கிடக்கும், பிறகு திருத்தக் குறிப்போடு திரும்பும், வரைவாளர் இடத்தை மாற்றினால் அடித்தளக் கணக்கும் மாறும், இரண்டாம் சுற்றில் பொறியாளர் எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஆட்கள் குறைந்த அலுவலகத்தில் வேலை இப்படித்தான் இரட்டிப்பாகிறது. இந்த இழப்பு எந்தப் பட்ஜெட் தாளிலும் ஒரு வரியாகக் கூட வருவதில்லை என்பதுதான் எனக்கு நீங்காத ஆதங்கம்.

ஆட்குறைப்பின் முறையும் நிலைமையைக் கடினமாக்குகிறது. முதலில் காலியிடங்களை நிரப்பாமல் விடுவார்கள்; யாருடைய வேலையும் போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் யார் ஓய்வுபெற்றாரோ, யார் வேறு வேலைக்குப் போனாரோ அந்த இருக்கை காலியாகும், எந்த இருக்கை அதிகம் தேவை என்பது கணக்கில் வராது. அதுவும் போதாதபோது பணிமூப்புப்படி கடைசியில் சேர்ந்தவர்கள் முதலில் வெளியேறுகிறார்கள். மேல் பதவியை இழந்த மூத்தவர் தனக்குக் கீழேயிருந்த பதவிக்கு இறங்கி வருவார், அங்கிருந்தவர் வெளியே போவார். இணைய விண்ணப்ப மென்பொருளைக் கைவிரலில் வைத்திருக்கும் இளையவர்கள் போய், அதை இப்போதுதான் பழகும் மூத்தவர்கள் கவுன்ட்டருக்கு வருகிறார்கள். அவர்கள்மேல் கோபப்பட வேண்டாம் என்று உங்களை உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

குறைந்த ஆட்களோடு நன்றாகச் சமாளிக்கும் துறைகளும் இருக்கின்றன. சுடுநீர்க் கொதிகலன் மாற்றம், கூரை மறுவேய்வு, குளிர்சாதனக் கருவி மாற்றம் முதலிய சிறு அனுமதிகளை இணையத்திலேயே கொடுத்து, அந்த நேரத்தைப் பெரிய வரைபடங்களுக்குத் திருப்புகிறார்கள். கொரோனா காலத்தில் பரவலான காணொளி ஆய்வைச் சிறு வேலைகளுக்குத் தொடர்கிறார்கள். மலைப்பாதையில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்ப் பத்து நிமிடம் பார்ப்பது அதனால் மிச்சமாகிறது. சான்டா குரூஸ் கவுண்டி 2022-இல் திட்டமிடல் துறையையும் பொதுப்பணித் துறையையும் ஒரே துறையாக இணைத்தது. இரண்டு கட்டடங்களில் இரண்டு வரிசையாக நின்ற கோப்புகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவர அது உதவும். சரிபார்ப்பை வெளி நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விடுவதும் பரவலான வழி. 2017 அக்டோபர் தீயில் சொனோமா கவுண்டியில் 5,000-க்கும் அதிகமான வீடுகள் அழிந்தபோது, மறுகட்டுமானத்துக்கென்றே தனி அனுமதி மையம் ஒன்றை வெளி ஆட்களைக் கொண்டு அமைத்தார்கள். வேலை குவியும் காலத்தில் இது சரியான ஏற்பாடு. ஆனால் நிரந்தரமாக எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டால், வெளி நிறுவனத்தின் தீர்ப்பு சரியா தவறா என்று சொல்லக்கூடிய ஒருவரும் உள்ளே மிஞ்ச மாட்டார். அந்த நிலையை நான் விரும்பவில்லை.

சட்டமீறல் புகார்களில் உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்தானவற்றை மட்டும் உடனே எடுத்துக்கொண்டு, வேலி உயரம், புதர் முதலான புகார்களைத் தள்ளிவைப்பார்கள். அது நியாயமான முடிவே.

இனி உங்கள் விண்ணப்பம். இங்கே எல்லோரும் ஏடியு என்று சொல்லும் துணைவீட்டுக்குக் கலிஃபோர்னியச் சட்டம் கெடு வைத்திருக்கிறது. முன்பே வீடு இருக்கும் மனையில் துணைவீட்டுக்கு முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். பொது விசாரணை எதுவும் தேவையில்லை. மறுத்தால், குறைகளின் முழுப் பட்டியலையும் அவற்றைச் சரிசெய்யும் வழியையும் எழுத்தில் தர வேண்டும். ஒன்றும் செய்யாமல் கெடுவைத் தாண்டிவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். பட்ஜெட் வெட்டு இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. ‘முழுமையான’ என்ற நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் ஏழு வாரத்துக்கு முன் பதிவேற்றியிருக்கலாம். ஆனால் கட்டணம் கட்டிய நாளிலிருந்தா, ஆவணங்கள் யாவும் சரியாக உள்ளன என்று தொழில்நுட்பர் குறித்த நாளிலிருந்தா, எந்த நாளிலிருந்து துறை எண்ணுகிறது என்பது உங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே ‘எப்போது முடியும்?’ என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். அதற்குத் திட்டவட்டமான பதில் சொல்ல யாராலும் முடியாது. விண்ணப்ப எண்ணைத் தலைப்பில் இட்டு, மூன்றே விஷயங்களைக் கேளுங்கள்: என் விண்ணப்பம் முழுமையானது என்று எந்தத் தேதியில் குறிக்கப்பட்டது, இப்போது எந்தெந்தப் பிரிவின் பார்வை மிச்சமிருக்கிறது, அந்தப் பிரிவில் என் கோப்பு யாரிடம் உள்ளது. எழுத்தில் வந்த இந்தக் கேள்விக்குப் பதிலளிப்பது எளிது, மறுப்பது கடினம்.

இதைக் கேட்கும்போது பெரும்பாலும் ஒரு விஷயம் தெரியவரும். கோப்பு நிற்பது திட்டமிடல் துறையில் இருக்காது. சுற்றுச்சூழல் சுகாதாரம், பொதுப்பணி, தீயணைப்பு மாவட்டம் ஆகிய மூன்றில் ஒன்றில் இருக்கும். அவற்றுக்குத் தனித்தனி நிர்வாகம், தனித்தனி பட்ஜெட், தனித்தனி வெட்டு. துறையைத் திட்டிப் பயனில்லாமல், செப்டிக் கோப்பு வைத்திருப்பவரிடம் நேரே பேசி ஒரே நாளில் முடிந்த வேலைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் கவனியுங்கள்: திருத்தம் செய்ய நீங்களே அவகாசம் கேட்டால், அந்த நாள்கள் 60 நாள் கணக்கில் சேராமல் கெடு நின்றுவிடும். வரைவாளர் உங்களுக்காக அப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கெடு தாண்டிவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்பதை வைத்துக்கொண்டு நாளைக்கே மண் தோண்டிவிடாதீர்கள். கட்டட விதிகள் அப்போதும் உங்களைக் கட்டுப்படுத்தும். அனுமதி அட்டை இல்லாமல் ஆய்வாளர் வர மாட்டார், வங்கி கடன் தராது, நல்ல கான்ட்ராக்டர் வேலையைத் தொட மாட்டார். 60 நாள் கெடுவைச் சொல்லும் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் மாநில வீட்டுவசதித் துறைக்குத் தெரிவியுங்கள், துணைவீட்டுச் சட்டத்தைக் கவுண்டிகள் பின்பற்றுகின்றனவா என்று கவனிக்கும் பொறுப்பு அதனிடம் இருக்கிறது. வேறொரு வழியும் அண்மையில் திறந்திருக்கிறது. சிறிய குடியிருப்புக் கட்டடங்களின் வரைபடச் சரிபார்ப்பைத் துறையால் 30 நாளுக்குள் முடிக்க இயலாதபோது, விண்ணப்பதாரரே தகுதிபெற்ற தனியார் நிபுணரைத் தன் செலவில் அமர்த்திச் சரிபார்க்க 2025-இல் நிறைவேறிய மாநிலச் சட்டம் ஒன்று இடமளிக்கிறது. ஆனால் அது கட்டடப் பாதுகாப்புச் சரிபார்ப்புக்கு மட்டும். செப்டிக் கோப்புக்கு அது உதவாது. தடை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அந்தச் செலவில் இறங்க வேண்டாம்.

740 சதுர அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 750 சதுர அடிக்கு உட்பட்ட துணைவீட்டுக்குப் தாக்கக் கட்டணங்களை, அதாவது புதுக் கட்டடத்தால் பூங்கா, சாலை முதலியவற்றின் மேல் கூடும் சுமைக்கான கட்டணங்களை, வாங்கக் கூடாது என்பது மாநிலச் சட்டம். பள்ளி மாவட்டக் கட்டணம் தனி. அது 500 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு உண்டு. பெற்றோருக்குப் பூஜை அலமாரியோ கொஞ்சம் பெரிய சமையலறையோ வேண்டும் என்று வரைவாளர் இருபது அடி கூட்டிவிட்டால், சில ஆயிரம் டாலர் ஏறக்கூடும். இதே வேலையை இனிமேல் தொடங்கப்போகும் வாசகர்களுக்கும் ஒரு சொல்: 2025 தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு கவுண்டியும் தனித்து நிற்கும் துணைவீடுகளுக்கான வரைபடங்களை முன்கூட்டியே பரிசீலித்து ஏற்று வைக்கும் ஏற்பாட்டை நடத்த வேண்டும், அப்படி ஏற்கப்பட்டவற்றைப் பயன்படுத்தும் விண்ணப்பத்துக்குக் கெடு 30 நாள். ஆள் பற்றாக்குறை உள்ள அலுவலகத்தில் உங்களுக்கும் அவர்களுக்கும் ஒருசேர நன்மை தரும் வழி அது. செப்டிக் இடமும் மனை வரைபடமும் மட்டும் ஒவ்வொரு மனைக்கும் புதிதாகப் பார்க்கப்படும்.

ஏஜென்ட் பற்றி நேராகவே சொல்கிறேன். கோப்பை வரிசையில் முன்னே தள்ளும் அதிகாரம் எந்த ஏஜென்டுக்கும் இல்லை. இருப்பதாக ஒருவர் சொன்னால் அவரை விட்டு விலகுங்கள். நல்ல ஏஜென்ட் செய்வதெல்லாம் ஆவணங்களை முழுமையாக வைப்பதும் யாரிடம் கேட்பது என்று அறிவதும்தான். 740 சதுர அடி வீட்டுக்கு அதை நீங்களே செய்துகொள்ளலாம். அந்தப் பணத்தை, உங்கள் கவுண்டியில் பலமுறை அனுமதி பெற்ற வரைவாளருக்குக் கொடுங்கள். ஆற்றல் கணக்குப் படிவத்தில் கையெழுத்து இல்லாதது, எல்லைக் கோட்டிலிருந்து தூரம் குறிக்காதது, தீ அபாயப் பகுதிக்குரிய வெளிச்சுவர்ப் பொருளைக் குறிப்பிடாதது என்று முதல் சுற்றில் திரும்பும் கோப்புகளின் குறைகளில் பெரும்பாதி இவ்வளவு சிறியவை.

சூப்பர்வைசர் அலுவலகத்தை அணுகுவது தவறில்லை. கோப்பு எங்கே நிற்கிறது என்று விசாரித்துச் சொல்வது அவருடைய உதவியாளரின் வேலைகளில் ஒன்று. மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்குத் துறையிலிருந்து பத்து வேலை நாளில் பதில் வராவிட்டால், அதே மின்னஞ்சலை அவருக்கும் அனுப்புங்கள். மற்றவர்களை ஓரங்கட்டி என் கோப்பை முதலில் எடுக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்றே பேர் வேலை செய்யும் பிரிவில் அப்படி ஒரு கோப்பு முன்னே போனால், அதே அளவு பொறுமையோடு காத்திருக்கும் வேறொரு குடும்பத்தின் கோப்பு பின்னே போகிறது.

பட்ஜெட் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். ஜூலை 1-இல் தொடங்கும் ஆண்டுக்கான பரிந்துரை பட்ஜெட்டை ஜூன் 30-க்குள் சூப்பர்வைசர்கள் ஏற்க வேண்டும்; இறுதி வடிவத்தை அக்டோபர் 2-க்குள் முடிக்க வேண்டும். ஆக, ஜூனில் சொன்னதைத் திருத்துவதற்கு இலையுதிர் காலம் வரை இடம் இருக்கிறது. உள்ளூர் அரசுக் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி பொதுமக்கள் அங்கே பேசலாம். ஷெரிஃப் துறைக்காகவும் மருத்துவச் சேவைக்காகவும் பேச ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். திட்டமிடல் துறைக்காகப் பேச வருபவர்களை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். அனுமதி கிடைத்ததும் மக்கள் துறையை மறந்துவிடுகிறார்கள். அதனாலேயே ஒரே ஒரு குடும்பம் வந்து நிதானமாகப் பேசினால் அது எடுபடும்.

என்ன பேசுவது? கட்டண உயர்வை எதிர்ப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். உயர்வுக்கு ஆதாரமான செலவுக் கணக்கை விசாரணைக்குப் பத்து நாள் முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதை வாங்கிப் படியுங்கள். கணக்கு சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் செலவுக்குக் குறைவான கட்டணம் என்பது அடுத்த ஆண்டின் ஆட்குறைப்பு. அதற்குப் பதிலாக இரண்டை வற்புறுத்துங்கள். கவுன்ட்டருக்கும் தொலைபேசிக்கும் பொது நிதியிலிருந்து குறைந்தது ஓர் அனுபவமிக்க தொழில்நுட்பரையாவது தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. முதல் சுற்றிலேயே ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, இரண்டாம் மூன்றாம் சுற்றுக்குப் போனவை எத்தனை என்ற கணக்கை ஒவ்வொரு காலாண்டும் வெளியிட வேண்டும் என்பது மற்றொன்று. கவுன்ட்டர் மூடியிருந்த காலத்தில் திரும்பி வந்த கோப்புகள் கூடியிருந்தால், அந்த வெட்டினால் மிச்சம் ஏதும் ஏற்படவில்லை என்பதை அவர்களுடைய எண்களே சூப்பர்வைசர்களுக்குக் காட்டிவிடும். நல்ல ஆண்டுகளில் வரும் கட்டணத்தில் ஒரு பகுதியை, அந்தக் கட்டணம் எதற்காக வாங்கப்பட்டதோ அந்தச் சேவைக்கே சேமிப்பாக ஒதுக்கி வைக்கும் கொள்கை உங்கள் கவுண்டியில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். அடுத்த வீழ்ச்சியில் ஆட்களைக் காப்பாற்றுவது அந்தச் சேமிப்புதான்.

அனுமதி கைக்கு வந்தபின் நினைவில் வைக்க வேண்டியது காலக்கெடு. அனுமதி பெற்ற நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். சரிபார்ப்பு நிலையிலேயே கிடக்கும் விண்ணப்பங்களும் பொதுவாக 180 நாளில் காலாவதியாகிவிடும், அதற்கு முன்பே எழுத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். ஆட்கள் குறைந்த துறையில் இதை யாரும் உங்களுக்கு நினைவூட்ட மாட்டார்கள். ஆய்வுகளும் மறுநாளே நடக்காது. ஓர் ஆய்வாளர் இப்போது முன்பு இருவர் பார்த்த பரப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். அஸ்திவாரக் கம்பி கட்டி முடிக்கும் நாளை ஒரு வாரம் முன்னதாகவே கான்ட்ராக்டரிடம் கேட்டு ஆய்வுக்குப் பதிவு செய்யுங்கள். ஆய்வு நாள் உறுதியான பிறகு கான்கிரீட் லாரிக்குச் சொல்லுங்கள்.